படையல் சாம்பார்

தை அமாவாசை, இரவு

மாமனாருக்கு இன்று படையல். படைக்கும் சமையலை ருசி பார்க்கக் கூடாது என்பதால் சாம்பாரை வாயில் வைக்காமலேயே இறக்கினேன். உப்பு ஒருமுறைதான் போட்டேன். அது எனக்கு நன்றாகத் தெரியும்.

இலையில் உட்கார்ந்ததும் மீஞ்சூரிலிருந்து வந்திருந்த நாத்தனார் முகம் சுளித்தாள். "இன்னா அண்ணி, ஒரே உப்பு!"

என் கணவர் மெதுவாகச் சொன்னார்: "போட்டத மறந்துட்டு திரும்பவும் போட்டுக்கினு கீறா. பாவம், ஒண்ணும் சொல்லாத."

ஓரமாக உட்கார்ந்திருந்த மாமியார் நிமிர்ந்து மகனைப் பார்த்தார். "நீதானே நைனா போட்ட? அவ எல அறுக்கப் போனப்ப அள்ளிப் போட்டியே."

எல்லோரும் சிரித்தார்கள். மாமியாருக்கு மறதி நோய். காலையில் சொந்த மகளையே யாரென்று கேட்டவர். "ஒரே ஊட்ல ரெண்டு கேசு," என்றார் இவர். நானும் சிரித்தேன். ஏன் சிரித்தேன் என்று தெரியவில்லை.

நாளை என்னை டாக்டரிடம் அழைத்துப் போகிறார். எனக்கும் அதே நோய் என்றாகிவிட்டால் கும்மிடிப்பூண்டி லேப் வேலையை விடச் சொல்வார். அதன்பின் நான் வீட்டை விட்டு வெளியே போக ஒரு காரணமும் இருக்காது.

சாயங்காலம் மாத்திரை கொடுக்கும்போது மாமியாரிடம் கேட்டேன். "சாம்பார்ல உப்பு போட்டது யாரு அத்தை?"

"நீதாம்மா. நீதான் போட்ட."

அவர் கண்கள் என்னைத் தாண்டி வாசற்படியைப் பார்த்தன. திரும்பினேன். இவர் நின்றுகொண்டிருந்தார்.

நாளை டாக்டர் கேட்டால் நானும் அப்படியே சொல்லிவிடுவேனோ என்று இருக்கிறது.