கொழுத்த பிள்ளையின் படம்

வாவிக்கரைப் பிள்ளைகள் விடுதி,
குருக்கள்மடம்.
1936 ஆவணி 14

விடுதி மேலாளரும், பிரசங்கியாரும், எனக்குக் கணவருமாகிய அவர்களுக்கு ஞானமலர் பணிவுடன் எழுதுவது.

கர்த்தர் கிருபையால் இங்கே தங்கள் கோழிகள் சுகம். பிள்ளைகளின் சுகத்தைப் பின்னால் எழுதுகிறேன். தங்களுக்கும் அந்த வரிசைதான் பழக்கம்.

கொழும்பிலிருந்து எழுதிய கடிதம் கிடைத்தது. விடுதிக்குப் பணம் திரட்ட நம் பிள்ளைகளில் யோகராசாவின் படத்தைக் காட்டினீர்களாம். அந்த உப்பிய கன்னத்தைப் பார்த்துச் சீமாட்டிகள் உருகிப்போனார்களாம். ஞாயிற்றுக்கிழமைப் பெரிய கூட்டத்திலும் காட்டப் போகிறீர்களாம். நல்லது. அந்தக் கன்னத்துக்கு உரியவன் இப்போது மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் கிடக்கிறான்.

படம் எடுத்த அன்றைக்கே அவனுடைய காற்சட்டைப் பொத்தானைப் பூட்ட முடியவில்லை. விடுதிச் சாப்பாட்டில் பிள்ளை கொழுத்துவிட்டான் என்று மார்தட்டினீர்கள். சமையல் செய்யும் மார்கிறட் அக்கா அவன் காலைத் தொட்டுப் பார்த்து, “என்ன மனே, கால் இப்பிடி வீங்கிக் கிடக்கு?” என்று கேட்டதற்கு, பிள்ளைக்குக் கண்ணூறு போடாதே என்று அவளை அதட்டினீர்கள். பிரசங்கியாருக்குக் கண்ணூறில் இவ்வளவு விசுவாசம் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

டாக்டர் அவன் முழங்காலுக்குக் கீழே பெருவிரலால் அமத்தினார். குழி விழுந்தது. விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது. இது கொழுப்பல்ல, நீர் என்றார். என்ன சோறு கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். வெட்கத்தோடு சொன்னேன். வயல் வட்டையிலிருந்து வரும் நெல்லை முன்பு அவித்துக் குத்திச் சிவப்புச் சோறு போட்டோம். பார்க்க வந்த துரைசானி ஒருத்தி முகம் சுளித்தாள் என்று, அவிக்காமல் ஆலைக்கு அனுப்பி மல்லிகைப்பூப் போலத் தீட்ட வைத்தது தாங்கள். வெளுத்ததெல்லாம் பால் தங்களுக்கு. வாவியை வாசலில் வைத்துக்கொண்டு, மீன் வாடை கூடாது என்று வெறும் சொதி ஊற்ற வைத்ததும் தாங்கள்தான். தவிடு முழுவதும் தங்கள் கோழிகளுக்குப் போயிற்று. தவிட்டுச் சத்து இல்லாததால்தான் நீர் கட்டியிருக்கிறது, பிள்ளைகளுக்கு வேண்டியதைக் கோழி தின்றிருக்கிறது என்று டாக்டர் சிரித்தார். அந்தச் சிரிப்பைத் தங்கள் சார்பில் நான் வாங்கிக்கொண்டு வந்தேன். தங்களை நினைக்க அருவருப்பாக இருக்கிறது.

மற்றப் பிள்ளைகளின் காலையும் அமத்திப் பார்த்தேன். பலருக்குக் குழி விழுகிறது. ஆகவே தங்கள் அனுமதி இல்லாமலே உரலை வெளியே எடுத்திருக்கிறோம். தவிட்டுக் கஞ்சி காய்ச்சுகிறோம். மீன்காரரையும் வரச் சொல்லிவிட்டேன். கோழிகள் சுகம் என்று தொடங்கினேன் அல்லவா, அது காலையில் எழுதியது. மத்தியானம் கொழுத்ததாகப் பார்த்துச் சிலவற்றை அறுத்துப் பிள்ளைகளுக்குச் சாறு வைத்தாயிற்று. மிச்சமும் தாங்கள் வரும்வரை இராது.

யோகராசாவுக்கு மூச்சு வாங்குகிறது. நீர் நெஞ்சுக்கும் ஏறிவிட்டதாம். டாக்டர் உறுதியாக ஒன்றும் சொல்கிறார் இல்லை. அவனுக்கு அது எதுவும் தெரியாது. “ஐயா என்ட படத்தக் கொண்டு வருவாரா அம்மா? அதுல நான் கொழுத்துப்போய் இரிக்கனாம்” என்று கேட்டுக்கொண்டே இருக்கிறான். அவன் அதை இன்னும் பார்க்கவில்லை. கழுவி வந்தவுடன் தாங்கள் பெட்டியில் வைத்துக்கொண்டு போய்விட்டீர்கள்.

கூட்டத்தை விட்டுவிட்டு ரயில் ஏறுங்கள். படத்தை இனி ஒருவருக்கும் காட்டாமல் நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வாருங்கள். கர்த்தர் வழித்துணையாக இருந்து, அந்தப் பிள்ளை கண் திறந்திருக்கும்போதே தங்களைக் கொண்டுவந்து சேர்ப்பாராக.

இப்படிக்கு,
தங்கள் மனைவி
ஞானமலர்