கல்லாவில் யார் உட்காருவது

1936 செப்டம்பர் 4, வெள்ளி

ஜும்ஆ தொழுகை முடிந்து கடை திறந்தேன். மாலைவரை இரண்டே பேர். அதில் ஒருவர் பொத்தான் தைத்துக்கொள்ள வந்தவர். அத்தா காலத்திலிருந்து கச்சேரி ரோட்டில் வக்கீல்களுக்குக் கோட்டு தைப்பது நாங்கள்தான். இப்போது எல்லோரும் மாம்பலத்துப் புதுக்கடைக்குப் போகிறார்கள். துணியில் குறையா? தையலில் குறையா?

தம்பி ஷரீஃப் ஒருவரைச் சொல்கிறான். சந்திரமௌலி. பம்பாயில் கம்பெனி உத்தியோகம் பார்த்தவர். இப்போது கடைகளுக்கு யோசனை சொல்வதே தொழிலாம். யோசனைக்கு ஃபீஸா! சிரித்தேன். பிறகு, வரச்சொல் என்றேன்.

செப்டம்பர் 14

வந்தார். கண்ணாடி அலமாரி வாங்கு, பத்திரிகையில் விளம்பரம் போடு என்பார் என்று எதிர்பார்த்தேன். பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். "நீங்க பாட்டுக்கு வியாபாரத்தைக் கவனியுங்கோ. நான் பார்த்துண்டிருக்கேன்."

செப்டம்பர் 16

இன்றும் பார்த்துக்கொண்டேதான் இருந்தார்.

செப்டம்பர் 19

கடை சாத்தும்போது சொன்னார். "பாய், உங்க தையல் அபாரம். கடையும் நன்னாத்தான் இருக்கு. ஆனா நீங்க கல்லாவில உட்காரக் கூடாது."

என் கடையில் நான் உட்காரக் கூடாதா?

"வர்றவா ரெண்டாவது கேள்வி கேட்டா உங்க முகம் சுருங்கிடறது. நேத்து ஒரு பெரியவர் காலரைப் பத்திக் கேட்டார். 'எல்லாம் எங்களுக்குத் தெரியும்'னேள். துணியைச் சுருட்டிண்டு போயிட்டார். தம்பியை உட்கார வையுங்கோ."

இனி வரவேண்டாம் என்றேன். செருப்பை மாட்டிக்கொண்டு நிதானமாகப் போனார். அந்த நிதானம்தான் பொறுக்கவில்லை.

செப்டம்பர் 20

வீட்டுக்காரி அமீனாவிடம் சொன்னேன். எனக்காகக் கோபப்படுவாள் என்று நினைத்தேன். ரொட்டியைத் திருப்பிப் போட்டுக்கொண்டே, "நெஜத்தத்தான சொல்லிக்கீறாரு? நானே உங்க மூஞ்சியப் பாத்துக்கினுதான் ஒண்ணு கேக்கறேன்" என்றாள்.

இவளுமா? இத்தனை வருஷமாகவா?

செப்டம்பர் 27

அத்தா மௌத்தானதும், மூத்தவன் என்று என்னைக் கல்லாவில் உட்கார வைத்தார்கள். அதுவரை உள்ளே துணி வெட்டிக்கொண்டிருந்தேன். கத்தரிக்கோலும் நானும். யாரிடமும் பேசவேண்டியதில்லை. எனக்குக் கல்லா பிடித்ததா? யாரும் கேட்கவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

இப்போது எழுந்தால் ஊர் என்ன சொல்லும் — தம்பி அண்ணனைத் தள்ளிவிட்டான் என்றா?

அக்டோபர் 5

ஒரு கல்யாண மாப்பிள்ளையும் தகப்பனாரும் வாசல்வரை வந்தார்கள். என்னைப் பார்த்ததும் தகப்பனார் பையனின் காதில் ஏதோ சொன்னார். இருவரும் திரும்பிவிட்டார்கள். என் கண்ணெதிரில்.

அக்டோபர் 6

சாவியை ஷரீஃபிடம் கொடுத்தேன். "இன்னாண்ணே, ஒடம்பு சரியில்லியா?"

"நீ ஒக்காருடா."

நான் உள்ளே போகும்வரை அவன் உட்காரவில்லை.

அக்டோபர் 12

கஷ்டம்தான். வெளியே யாரோ கோட்டு சரியில்லை என்றார். பதில் சொல்ல நாக்கு துடித்தது. ஷரீஃப் "குடுங்க, பாத்துரலாம்" என்றான். அவ்வளவுதான். அவர் கொடுத்துவிட்டுப் போனார்.

டிசம்பர் 10

பெருநாள் நெருங்குகிறது, தைக்கக் கை போதவில்லை. நோன்பு அசதியே தெரியவில்லை.

சாயங்காலம் சந்திரமௌலி வந்தார் — தமக்கே ஒரு கோட்டு வேண்டுமாம். நானே அளவெடுத்தேன். கோட்டுப் பையை உள்ளே வைக்கலாமா, வெளியிலா என்று மாற்றி மாற்றிக் கேட்டார். இரண்டையும் சுண்ணக்கட்டியால் வரைந்து காட்டினேன்.

"கல்லாவுக்குத் திரும்பணும்னு தோணறதா, பாய்?"

முன்னால் ஷரீஃப் யாருடனோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான்.

"கையைக் கொஞ்சம் தூக்குங்க சார்" என்றேன்.