இடது கையின் நல்ல நம்பர்

ஜனவரி 6, துவாரகா

இன்றும் இவருக்குப் பிரஷர் 122/78. மேல் எண் இதயம் அழுத்தும்போது, கீழ் எண் அது தளரும்போது என்று மகள் மது சொல்லிக் கொடுத்திருக்கிறாள். இரண்டும் சரி. அப்புறம் ஏன் இவருக்குத் தினமும் தலை பாரம்? போன மாதம் இதே நல்ல நம்பரைப் பார்த்துத்தான் டிஸ்பென்சரி டாக்டர் மாத்திரையைப் பாதியாக்கினார். அந்தச் சந்தோஷத்தில் கால் கிலோ அல்வா வாங்கி வந்தார் இந்த மனுஷர்.

வலது புஜத்தில் தாயத்து. ஸ்கூட்டர் விபத்துக்குப் பிறகு மாமியார் கட்டியது, அவிழ்க்கவே கூடாது என்று உத்தரவு. அதனால் வீட்டிலும் சரி, டிஸ்பென்சரியிலும் சரி, பட்டையைச் சுற்ற இவர் நீட்டுவது இடது கையைத்தான்.

ஜனவரி 11

ஈரத்துணியைக் கொடியில் போடும்போது இவருக்கு இடது கை மரத்துப்போய்த் தலை சுற்றிவிட்டது. உடனே அளந்தேன். 118/76. மதுவுக்குப் போன் செய்தால், "அச்சா ரீடிங்தானேம்மா, சும்மா டென்ஷன் ஆகாதே" என்கிறாள்.

ஜனவரி 12

மறுபடி 120. மெஷின் பொய் சொல்கிறதா, இவர் பொய் சொல்கிறாரா?

ஜனவரி 17

எழுதக் கை ஓடவில்லை. காலையில் காபி டம்ளர் இவருடைய வலது கையிலிருந்து நழுவியது. ஏதோ சொல்ல வந்தார் — வார்த்தை இல்லை, வெறும் சத்தம். வாய் கோணிக்கொண்டது. கடவுளே.

எமர்ஜென்சியில் இடது கையில் டிரிப்ஸ் ஏற்றியிருந்தார்கள். பிரஷர் பார்க்க நர்ஸ் வலது கையைக் கேட்டாள். தாயத்து இடைஞ்சல். யாரிடம் கேட்பது? மாமியார் போய்ச் சேர்ந்தாயிற்று. நானே கத்தரியால் வெட்டினேன்.

204/112.

இடது கையில் பார்த்தார்கள். 128/80. ஒரே மனுஷர், ஒரே நேரம். எப்படி?

ஜனவரி 18

டாக்டர் ஆரிப் விளக்கினார். இடது கைக்குப் போகிற பெரிய ரத்தக்குழாய் அடைத்துப்போயிருக்கிறதாம். அடைப்பைத் தாண்டி அழுத்தம் போகாததால் அந்தக் கையில் குறைவாகவே காட்டும். ஒரு குழாயில் படிந்த கொழுப்பு மற்றதை விட்டிருக்காது என்று ஸ்கேன் எடுத்தார்கள். கழுத்திலும் இருக்கிறது. மூளைக்குப் போனது அங்கிருந்து உடைந்த ரத்தக்கட்டிதான். முதல் தடவை இரண்டு கையிலும் அளந்து, எது கூடுதலோ அதைத்தான் நம்ப வேண்டுமாம்.

இன்னொரு கையை யாருமே பார்க்கவில்லையா என்று மெதுவாகத்தான் கேட்டார். அதற்குப் பதில் என்னை அறைந்திருக்கலாம்.

நாங்கள் அல்வா தின்ற அன்று இந்த வலது கையில் எத்தனை இருந்திருக்கும்?

ஜனவரி 20

பேச்சில்லை. என்னையே பார்க்கிறார். போயிடாதீங்க. என்னைத் தனியா விட்டுட்டுப் போயிடாதீங்க.

ஜனவரி 23

கண் திறக்கவில்லை. மது காரிடாரில் அழுகிறாள். எனக்கு அழுகைகூட வரவில்லை.

மார்ச் 8

இவரை வீட்டுக்குக் கூட்டி வந்து மூன்று வாரம். சரியான நம்பர் வலது கையில்தான் வரும். அந்தக் கை இப்போது தானாக எழுவதில்லை. நான்தான் தூக்கி மேஜைமேல் வைத்துப் பட்டையைச் சுற்றுகிறேன்.

"எவ்... எவ்ளோ?" என்றார்.

"நூத்தி முப்பத்தாறு, எண்பத்திரெண்டு. நல்ல நம்பர்."

என் முகத்தைப் பார்த்தார். பிறகு, "நெ... நெஜமா?" என்று கேட்டார்.

நிஜம்தான் என்று சொல்லிவிட்டு, அந்தக் கையைத் தூக்கி அவர் மடியில் வைத்தேன்.