கவனக்குறைவு என்ற ஒரு சொல்

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? கோவை மில் விடுதி வார்டன் வேலையில் நான் நலம்.

சென்ற வாரம் எங்கள் விடுதியில் தங்கி மில்லில் வேலை செய்யும் சின்னத்தாயியின் விரல்நுனி இயந்திரத்தில் நசுங்கியது. பயப்படாதீர்கள், ஆறிவருகிறது. விபத்துப் படிவத்தில் மேனேஜர் ஆங்கிலத்தில் 'கவனக்குறைவு' என்று எழுதி, ஆங்கிலம் தெரியாத அவளிடம் கையெழுத்துக் கேட்டார். போட்டிருந்தால் வேலை போயிருக்கும். நான் அதை அடித்துவிட்டு, 'பல்சக்கரத்துக்கு மூன்று மாதமாக மூடியில்லை' என்று ஆங்கிலத்திலேயே எழுதினேன்.

முதலாளி ரங்கராஜ் படித்துப் பார்த்தார். "ஏனுங்கம்மா, மேனேஜரோட எழுத்துப்பிழையக்கூட திருத்திப்போட்டீங்களே!"

"மூடி இல்லாததையும் திருத்துங்க."

நேற்று மூடி மாட்டினார்கள். திங்களன்று சின்னத்தாயி வேலைக்கு வருகிறாள்.

மேனேஜர் இப்போது எல்லாப் படிவங்களையும் முதலில் என்னிடம் காட்டுகிறார். சிவப்புப் பேனா இரண்டு அனுப்புங்கள். கூடவே கடிதமும். இங்கே என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஒருவருமில்லை.

சாப்பாட்டு மணி அடிக்கிறது.

உங்கள் தங்கை,
ரோசலின்