ஆட்டத்துக்கு வெளியே அரை நிமிடம்

அண்ணை,

நேற்று, பாரிஸின் லா சப்பல் தமிழ்க் கடைத்தெருவில் ஒரு கடைக்காரப் பிள்ளை என்னைப் பார்த்துப் பயந்துவிட்டாள். இடியப்பத் தட்டு வாங்கப் போயிருந்தேன். இப்போது எல்லாம் பிளாஸ்டிக். பச்சை, சிவப்பு, மஞ்சள் என்று பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி மாதிரி அடுக்கி வைத்திருக்கிறார்கள். மூலையில் மட்டும் பழைய பிரம்புத் தட்டுகள் சில, கயிற்றில் கோத்துத் தொங்கின. ஒன்றை உருவி எடுத்தேன். காய்ந்த பிரம்பு மணம் மூக்கில் ஏறியது. அதற்குப் பிறகு நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்பது அவள் கூப்பிட்டபோதுதான் எனக்கே தெரிந்தது. தட்டை முகத்துக்கு நேரே பிடித்து, இடமும் வலமுமாக வேகமாக ஆட்டியபடி, ஓட்டைகள் வழியாகக் கடைக்குள் நடமாடும் சனத்தைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

"அங்கிள், சா வா?" சுகமா என்று பிரெஞ்சில் கேட்டாள்.

"ஓம் பிள்ளை. ஓட்டை சரியா இருக்கோ எண்டு பாத்தனான்."

அவள் நம்பவில்லை. நீங்கள் பக்கத்தில் நின்றிருந்தால் ஒன்றுதான் கேட்டிருப்பீர்கள்: "பந்து ஆரிட்டை?"

எண்பதுகளின் நடுவில் அந்த அறையில் நாங்கள் மூன்று பேர் இருந்தோம்: நீங்கள், நான், குலம். நீங்கள் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினீர்கள். அறைக் கதவு உங்களைவிடக் கட்டை. உள்ளே வரும்போதெல்லாம் தலையைக் குனிந்து, இடது தோளை முதலில் நுழைத்து, பிறகுதான் மிச்ச உடம்பைக் கொண்டுவருவீர்கள். யாழ்ப்பாணத்தில் மிஷன் கல்லூரிக்காகக் கூடைப்பந்து ஆடியவர் என்பதற்கு உங்களிடம் இருந்த ஒரே அத்தாட்சி அந்த உயரம்தான். பிரெஞ்சு அரசாங்கம் வேறு அத்தாட்சிகள் கேட்டது. அது வேறு கதை.

தொலைக்காட்சிப் பெட்டியைக் குலம் நடைபாதையில் கண்டெடுத்தான். யாரோ கழித்துவிட்டது. அதில் வந்த அலைவரிசைகளில் ஒன்று புதிது. காசு கட்டியவர்களுக்கு மட்டும் படம் தெளியும், மற்றவர்களுக்குக் குழப்பிக் காட்டும். அது படத்தை மறைத்திருந்தால் பரவாயில்லை. ஒவ்வொரு கோடாகச் சீவி, இடத்துக்கும் வலத்துக்கும் தள்ளி வைத்தது. தலை ஓரிடத்தில் நிற்கும், தோள் ஒரு சாண் தள்ளி நிற்கும், இரண்டும் சேர்ந்து ஓடும். பேச்சோ தண்ணீருக்கு அடியில் கிடப்பவன் எங்களுக்கு ஏதோ அவசரமாகச் சொல்ல முயல்வதுபோல் கேட்கும்.

அந்தக் கட்டடத்தைக் காவல் பார்த்த போர்த்துக்கேய அம்மாதான் குலத்துக்கு வழி சொன்னார். "பஸ்வார்" ஒன்றைக் கண்ணுக்கு முன்னால் பிடித்து ஆட்டினால் படம் சேர்ந்து தெரியுமாம். பஸ்வார் என்பது வெள்ளைக்காரர் நூடில்ஸ் அவித்துத் தண்ணீர் வடிக்கும் ஓட்டைச் சட்டி. குலத்தின் பிரெஞ்சு அப்போது உருளைக்கிழங்கு உரிக்கப் போதுமானது, அதற்கு மேல் போகாது. அவனுக்கு விளங்கியது இரண்டு விடயம்: மாவில் செய்த நூல், நிறைய ஓட்டை. நேரே போய் இடியப்பத் தட்டை எடுத்து வந்தான். தர்க்கத்தில் ஒரு பிழையும் இல்லை.

"டேய், உதாலை அவிக்கிறதோ பாக்கிறதோ?" என்று கேட்டீர்கள்.

"பாத்திட்டு அவிப்பம் அண்ணை."

தெளிந்தது என்று சொல்ல முடியாது. தெளியவில்லை என்றும் சொல்ல முடியாது. தட்டை ஆட்டும் வேகத்தில் கோடுகள் ஒன்றையொன்று தேடிப் பிடித்தன. ஒரு கணம் முழு மனிதன் ஒருவன் உருவாகி நிற்பான். அடுத்த கணம் மறுபடி சீவப்படுவான். சில ஞாயிறு பின்னேரங்களில் அந்த அலைவரிசையில் அமெரிக்கக் கூடைப்பந்து போட்டார்கள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் இடியப்பம் குறைந்தது.

உங்களுக்கு அந்த ஆட்டத்தின் எக்காலத்துக்குமான சாதனைகள் எல்லாம் மனப்பாடம். கல்லூரி வாசிகசாலைக்கு யாரோ அனுப்பிய பழைய அமெரிக்கச் சஞ்சிகைகளில் படித்தவை. மற்றவர்கள் செபம் சொல்லும் குரலில் நீங்கள் அவற்றைச் சொல்வீர்கள். ஒரே ஆட்டத்தில் நூறு புள்ளி எடுத்த இராட்சதன். அந்த ஆட்டத்துக்கு அசையும் படம் ஒன்றுகூட இல்லை என்பதை நீங்கள் குரலைத் தாழ்த்திச் சொல்வீர்கள்.

"பாத்த ஆக்கள் சொல்லித்தான் ஐசே நூறு. அவையளும் செத்துப்போனால் ஆரிட்டைக் கேக்கிறது?"

அதே ஆள், அதே பருவத்தில், இன்னொரு சாதனையும் வைத்திருந்தார். ஆட்டம் ஒன்றுக்கு அவர் திடலில் நின்ற சராசரி நேரம் நாற்பத்தெட்டரை நிமிடம். ஆட்டத்தின் மொத்த நீளமே நாற்பத்தெட்டு நிமிடம்தான்.

"அப்ப அந்த அரை நிமிசம் எங்கை நிண்டு ஆடினவன்?"

"மேலதிக நேரம் அண்ணை. ஆட்டம் சமனிலை முடிஞ்சால் கூட்டிக் குடுப்பினம்."

"அதைத்தான் நானும் சொல்லுறன். மேலதிக நேரம் எண்டு ஒண்டு இருக்கு."

நான் சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை. உங்களுக்குத் தம்பி ஒருவர் இருந்தது எனக்கு அப்போது தெரியாது.

அன்ரன். உங்களைவிட நெட்டை. ஒரு காலையில் சைக்கிளில் வெளிக்கிட்டவரைச் சந்தியில் மறித்து ஏற்றிக்கொண்டு போனார்கள் என்பது மட்டும் தெரியும். உடலும் வரவில்லை, செய்தியும் வரவில்லை. அவர் ஒரே ஆட்டத்தில் எடுத்த புள்ளி உங்கள் கல்லூரியின் சாதனை என்பீர்கள். எத்தனை என்று கேட்டால், "இன்னும் முடியேல்லை" என்பீர்கள். சாதனைப் பட்டியல்களில் இன்னும் ஆடுகிறவனின் பெயரைத் தடித்த எழுத்தில் போடுவார்களாம். விட்டுப் போனவனுக்கு மெல்லிய எழுத்து. அன்ரனுக்குத் தடித்த எழுத்து என்று நீங்கள் முடிவு செய்திருந்தீர்கள்.

அன்ரனின் தெய்வம், கண்ணாடி போட்டுக்கொண்டு ஆடிய இன்னொரு அமெரிக்க நெட்டையர். நூறு புள்ளிக்காரரின் வாழ்நாள் புள்ளி மொத்தத்தை எண்பத்து நாலில் தாண்டியவர். பக்கவாட்டில் நின்று ஒரு கையைத் தலைக்கு மேலே வளைத்துக் கொக்கிபோல எறிவார். அன்ரன் அந்த எறியைச் சஞ்சிகையில் வந்த ஒரே படத்தைப் பார்த்துப் பழகினார். பக்கம் முழங்காலோடு கிழிந்திருந்தது. கீழே கால் என்ன செய்கிறது என்று தெரியாது. ஆகவே கால் வேலையை அவரே கண்டுபிடித்தார். எறிந்ததும் ஒரு சின்ன நொண்டல், வெயில் சுட்ட சிமெந்தில் வெறுங்காலோடு நிற்கிறவன் காலை மாற்றுவதுபோல. உலகத்தில் வேறு எவரும் அப்படி எறிவதில்லை என்றீர்கள். அதில் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை.

எபினே புறநகரில் இருந்து உங்கள் அக்கா வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை நினைவிருக்கிறதா? கோயிலில் திருப்பலி முடிந்து நேரே, கறிச்சட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்தார். நீங்கள் தட்டும் முகமுமாகப் பெட்டிக்கு முன்னால் இருந்தீர்கள்.

"அன்ரனுக்கு ஒரு பூசை ஒப்புக்குடுக்க வேணும்," என்றார் அக்கா. "வருசம் எத்தினை போட்டுது. அம்மாவும் கேக்கிறா."

"ஆடுறவனுக்கு என்னத்துக்கு ஆத்துமப் பூசை?"

"விசர்க்கதை கதையாதை. சுவாமியிட்டைச் சொல்லிப்போட்டன்."

"அக்கா, நீங்கள் பேரைக் குடுத்தால் அவனை நீங்களே வெளியிலை இருத்தின மாதிரி. பிறகு உள்ளுக்கை எடுக்கேலாது." திரும்பாமலே சொன்னீர்கள். பிறகு என்னிடம், "ஐசே, ஒரு பக்கத்துக்கு எத்தினை பேர்?"

"அஞ்சு."

"ரெண்டு பக்கத்துக்கும்?"

"பத்து."

"எண்ணிப்பாரும்."

நான் எண்ண மாட்டேன் என்றேன். நடுவர்களும் ஓடுகிறார்கள், கோடு பிரிந்தால் ஒருவன் இருவராவான், இந்தப் படத்தில் யேசு நாதரின் சீடரைக்கூட எண்ணி எடுக்கலாம் என்றேன். குலம் சிரித்தான். நீங்கள் கோபிக்கவில்லை. "நடுவரைக் கழிச்சுப்போட்டுத்தான் எண்ணினனான். பதினொண்டு," என்றீர்கள், பஸ் நம்பர் சொல்வதுபோல.

அக்கா கறிச்சட்டியை நிலத்தில் வைத்துவிட்டு உங்கள் கையிலிருந்து தட்டைப் பறித்தார். உடைக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் அதை முகத்துக்கு நேரே தூக்கி ஆட்டினார். கொஞ்ச நேரம் அறையில் பிரம்பு காற்றை வெட்டும் சத்தமும், தண்ணீருக்கு அடியில் கிடப்பவனின் குரலும் மட்டும் கேட்டன. பிறகு தட்டைத் திருப்பித் தந்தார். "கழுவி வையுங்கோ, ஊத்தையாக் கிடக்கு," என்றார். பூசைப் பேச்சை அதன் பிறகு எடுக்கவில்லை. உங்கள் பிடிவாதம் வென்றது என்று நான் கணக்குப் போட்டேன்.

மூன்று குளிர்காலங்களுக்குப் பிறகு உங்கள் நெஞ்சு, கோப்பை கழுவும் தொட்டிக்கு முன்னாலேயே நின்றுவிட்டது. கண்ணாடிக்காரர் அப்போதும் ஆடிக்கொண்டிருந்தார். அவரைவிட உங்களுக்கு வயது குறைவு. இதையெல்லாம் யாரிடம் முறையிடுவது?

அடக்கப் பூசைக்கு முதல், சுவாமியார் பூசையில் வாசிக்கப் பெயரைக் கேட்டு நின்றார். அக்கா என்னைத் தனியே கூப்பிட்டார்.

"இனி மறிக்க அவனும் இல்லை. ரெண்டு பேருக்கும் சேத்துக் குடுப்பமோ எண்டு யோசிக்கிறன். நீர் என்ன சொல்லுறீர்? அவன் உம்மோடைதானே உந்தக் கதையெல்லாம் கதைச்சவன்."

நான் சைவ சமயத்தவன். அதற்கு மேல், எதையும் நம்பாதவன் என்று லா சப்பல் முழுக்கப் பெயர் எடுத்தவன். ஆத்துமாக்களைப் பற்றி என்னிடம் கேட்பது, மீன்காரனிடம் பூ விலை கேட்பதுபோல. காணாமல் போன ஒருவர் இருக்கிறாரா இல்லையா என்று, அவரை ஒருநாளும் கண்டிராத நான் சொல்ல வேண்டியிருந்தது.

"ஒராளுக்கு மட்டும் குடுங்கோ அக்கா," என்றேன்.

அக்கா சுவாமியார் நின்ற பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அண்டைக்குத் தட்டுக்குள்ளாலை நானும் கண்டனான்," என்றார். "சப்பாத்து இல்லாமல் நிக்கிறான்."

உங்கள் பெயரை மட்டும் வாசித்தார்கள்.

அடுத்த ஞாயிறு பின்னேரம் குலம் வேலைக்குப் போயிருந்தான். பெட்டியைப் போட்டேன். ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. தட்டைக் கையில் எடுத்தேன், சும்மா, வீட்டில் ஒருவர் குறைந்தால் அவர் வேலையை மற்றவர் செய்வதில்லையா, அப்படி. கோடுகள் சேர்ந்தன, பிரிந்தன. திடலின் ஓரத்தில் ஓர் உருவம் தலையைக் குனிந்து, இடது தோளை முதலில் நுழைத்து, உள்ளே வந்தது. கூடைப்பந்துத் திடலுக்கு வாசல் கிடையாது, அண்ணை.

தட்டைக் கீழே வைத்தேன். எண்ணவில்லை.

கண்ணாடிக்காரர் அந்தப் பருவத்தோடு ஓய்வுபெற்றார். மெல்லிய எழுத்துக்கு மாற்றியிருப்பார்கள். அவருடைய மொத்தத்தையும் இப்போது வேறொருவர் தாண்டிவிட்டார். நானும் செவ்ரானுக்குக் குடிபோய், காசு கட்டிப் பெட்டி எடுத்தேன். தெளிவான படம். வியர்வைத் துளிகூடத் தெரியும். அதில் எப்போது எண்ணினாலும் பத்துப் பேர்தான். கொஞ்ச நாளில் பார்ப்பதை விட்டுவிட்டேன்.

பழைய தட்டு என் குசினியில், அடுப்புக்கு மேலே ஆணியில் தொங்குகிறது. அதில் இடியப்பம் பிழிய ஒருவரையும் விடுவதில்லை. அதனால்தான் நேற்றுப் புதியது வாங்கப் போனேன். கடைக்குள் சனம் கோடு கோடாகப் பிரிந்து சேர்ந்தது. நான் எண்ணத் தொடங்குமுன் அந்தப் பிள்ளை கூப்பிட்டுவிட்டாள். நல்ல காலம்.

பதினொன்றோ பன்னிரண்டோ வரும் என்று எனக்குப் பயமில்லை, அண்ணை. பத்து வந்துவிடும் என்றுதான் பயம்.