சின்ன ர

அம்மாவுக்கு வணக்கம். உன் முட்டிவலி தேவலையா? பாப்பா அடம்பிடிக்காமல் சாப்பிடுகிறாளா? எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, சலவை வேலைதான் கையைத் தின்கிறது.

தன் அப்பாவைப் பற்றி எழுதி அனுப்பச் சொன்னாளே பாப்பா, எழுதி எழுதிக் கிழித்து ஒருவழியாக ஒரு பக்கம் தேறியது. பிழை பார்க்கப் பக்கத்து அறை நர்ஸ் அக்காவிடம் கொடுத்தேன். "அவர் தவரிவிட்டார்" என்ற வரிக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் "தவறு" என்று எழுதியிருந்தாள். அவர் போன செய்தியே தவறு என்கிறாளோ என்று ஒரு கணம் எனக்கு உயிர் வந்தது.

"பெரிய ற போடணும்டி, அவ்வளவுதான்" என்றாள். நான் அழுததும், "மத்ததெல்லாம் நல்லாத்தானே எழுதியிருக்க. மனுஷன் கண்ணு முன்னாடி நிக்கிறாரு. விட்டுடாத" என்று முதுகைத் தடவினாள்.

மற்ற பிழையெல்லாம் திருத்திவிட்டேன். அந்த எழுத்துக்கு மட்டும் கை வரவில்லை அம்மா. அதையும் சரியாக எழுதிவிட்டால் அப்புறம் பேச்சே இல்லை, அவர் போனவர்தான்.

அவர் போட்டோ ஒன்று அனுப்பு, தலைவலித் தைலமும் வை. வேலைக்குக் கூட்டிப்போகும் வேன் வந்துவிட்டது. பக்கத்தை இதோடு வைத்திருக்கிறேன். பாப்பா அந்த எழுத்தைக் கேட்டால், உங்கம்மாவுக்கு எழுதத் தெரியாது என்று சொல்லிவிடு.

உன் மகள்