விளக்கு இறக்காத குழி

1956, ஆடி மாதம், செவ்வாய்க்கிழமை இரவு.

தம்பி சின்னசாமியைக் கூட்டிக்கொண்டு கிருஷ்ணகிரி வக்கீலிடம் போய்வந்தேன். படுத்தால் தூக்கம் வரமாட்டேனென்கிறது.

ராகியைக் கொட்டி மூடிவைக்கும் நிலக்குழியைத் திறந்தால் ஒரு பொழுது காற்றாட விடுவார்கள். பிறகு விளக்கைக் கயிற்றில் கட்டி உள்ளே இறக்குவார்கள். அது அணையாமல் எரிந்தால்தான் உள்ளே கெட்ட காற்று இல்லையென்று ஆள் இறங்கலாம். தம்பி இறங்கிய அன்றைக்கு அவன் வேலை செய்த பண்ணைக்காரருக்கு அவசரம். மூடியைத் தள்ளியதுமே அவனை இறக்கிவிட்டார். மூச்சு முட்டி விழுந்தவனை மேலே தூக்கியபோது உயிர் மட்டும்தான் இருந்தது. இப்போது பெற்ற மகள் பேர் தெரியவில்லை. வாயில் வைத்த சோற்றை மென்று விழுங்க மறந்துவிடுகிறான்.

"வெளக்கு எறக்குனோம், நல்லா எரிஞ்சுதுன்னு அவரு சொல்றாரு. நஷ்டஈடு கேக்கணும்னா, எறக்கலைன்னு சொல்ல ஒரு சாட்சி வேணும்பா" என்றார் வக்கீல். அன்றைக்குக் குழியருகே நின்ற எல்லாரும் பண்ணைக்காரர் நிலத்தில் பிழைக்கிறவர்கள். எவன் வருவான்? "ஒடம்புல ஒரு காயமும் இல்லியே" என்று வேறு சொன்னார். காயமாக இருந்திருந்தால் இந்நேரம் ஆறியாவது போயிருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் தம்பி பெண்டாட்டி விளக்கேற்றினாள். சின்னசாமி சட்டென்று எழுந்தான். வேட்டியை வரிந்து கட்டினான். பண்ணைக்காரர் எதிரே நிற்பதுபோல் வெறும் சுவரைப் பார்த்துக் கும்பிட்டு, திக்காமல் திணறாமல் சொன்னான்:

"சாமி, மொதல்ல வெளக்க எறக்குங்க. அப்பறம் நான் எறங்கறேன்."

சாட்சி கிடைத்துவிட்டது. இவன் சொல்லை எந்தக் கோர்ட்டில் எடுத்துக்கொள்வார்கள்?

இன்னும் கும்பிட்டபடியே நிற்கிறான். உட்காரடா என்றால் கேட்கமாட்டேனென்கிறான்.